குழாய் தாண்டும் முன்

எங்கள் தெருவில் விலை படியாமல் நடையைக் கட்டும் ஆளை எப்போது திரும்பக் கூப்பிடுவது என்பதற்கு ஓர் அளவு உண்டு. என் கடையிலிருந்து இறங்கி இடது பக்கம் நடந்தால் முதலில் பூட்டுக்கடை, அடுத்துப் பெயின்ட் கடை, அதற்கப்பால் தெருக்குழாய். பூட்டுக்கடையைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டால் நான் விற்கத் தவிக்கிறேன் என்று தெரிந்துபோகும். வந்த ஆள் இன்னும் இரண்டு படி இறக்குவார். குழாயைத் தாண்டவிட்டால் மூலை வந்துவிடும், பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் பஸ் சத்தத்தில் கேட்காது. ஆகவே பெயின்ட் கடைக்கும் குழாய்க்கும் நடுவே, போனால் போகிறது என்கிற குரலில், "சரி, வாங்க" என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் கட்டிய வீடுகளில் பாதி அந்தப் பதினைந்தடி தூரத்தில் சம்பாதித்தவை.

நான் விற்பது கட்டட வேலைக்காரர்களுக்கான சாமான். மஞ்சள் ஹெல்மெட், கையுறை, கண்ணில் தூசி விழாமல் இருக்கக் கண்ணாடி, இடுப்பில் கட்டும் பட்டை. தலைக்கு மேல் எதுவும் விழாது என்று நம்புகிறவர்கள் என் கடைக்கு வருவதில்லை. அதனால் மாணவர்கள் வரத் தொடங்கிய மாதம் எனக்கே வேடிக்கையாக இருந்தது.

அந்த மாதம் அரசாங்கம் தேர்தலை மூன்றாவது தடவையாகத் தள்ளிவைத்திருந்தது. எங்கள் தெருவில் மூன்று தடவை 'நாளைக்கு வா' என்று சொன்ன கடைக்காரனிடம் நாலாவது தடவை யாரும் போகமாட்டார்கள். அரசாங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை. கல்லூரிகள் காலியாகின, தெருக்கள் நிறைந்தன. போலீஸ் தடியை எடுத்தது. பிள்ளைகள் ஹெல்மெட் கேட்டு வந்தார்கள். நாற்பத்தைந்துக்கு விற்ற ஹெல்மெட்டை நான் எண்பது ஆக்கினேன். கேட்கும் ஆள் கூடினால் விலை கூடும்; இதை நான் கண்டுபிடிக்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கால்விலை வந்தது அப்படி ஒரு காலையில்.

அது நாங்கள் வைத்த பெயர். புள்ளியியல் இரண்டாம் வருஷம் படித்த பெண். விடுதி அறைக்குக் கொடிக்கயிறு, சைக்கிளுக்குப் பூட்டு, சுவரில் பூச அரை டப்பா பச்சைப் பெயின்ட் என்று இரண்டு வருஷமாகத் தெருவுக்கு வந்துபோனவள். என்ன விலை சொன்னாலும் அதில் கால் பங்கிலிருந்து தொடங்குவாள். முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இருக்காது. அவள் வருவது தெரிந்தால் பெயின்ட் கடைக்காரர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

"முதலாளி, இது என்ன விலை?"

"எண்பது."

"இருபது."

"இருபதுக்கு உள்ள இருக்கிற பட்டையைக் கழட்டித் தர்றேன். தலையில கட்டிக்கிட்டுப் போ."

"போன மாசம் நாப்பத்தஞ்சுக்கு வித்தீங்க. இந்த மாசம் எண்பது. கோடு போட்டுப் பாத்தா அடுத்த மாசம் நீங்களே கவர்மெண்டு ஆயிடுவீங்க போலிருக்கே!"

"அப்படி ஆயிட்டா உனக்கு மந்திரி பதவி தர்றேன். இப்ப எழுபது குடு."

"ஆறு எடுக்கறேன். எங்க குழுவுல ஆறு பேர். ஆறு தலையும் டிவியில வரும், உங்க கடைக்கு விளம்பரம்."

"அடி வாங்கற தலையைக் காட்டி விளம்பரமா? என் வியாபாரம் உருப்பட்ட மாதிரிதான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அரை மணி நேரம் இழுத்து அவள் நாற்பத்தெட்டுக்கு ஏறினாள், நான் ஐம்பத்திரண்டுக்கு இறங்கினேன். அங்கே இரண்டு பேரும் நின்றுவிட்டோம். நடுவில் நாலு. கையிலிருந்த ஹெல்மெட்டை மெல்ல அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "சரி முதலாளி" என்று படியிறங்கினாள்.

பூட்டுக்காரர் தன் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேலையில்லாத நேரமெல்லாம் என் வியாபாரத்தைப் பார்ப்பதுதான் அவர் வேலை. அவள் அவர் கடையைத் தாண்டியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நீ கூப்பிடாம இருக்கமாட்டே தம்பி. ஒரு டீ பந்தயம்."

"அண்ணே, நான் வாயைத் திறந்தா கேளுங்க."

அவள் பெயின்ட் கடையைத் தாண்டினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். குழாயைத் தாண்டினாள். பூட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். மூலைக்குப் போனதும் அவள் திரும்பினாள். என்னைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்து, கையை உயர்த்தி, முதலில் நாலு விரல், அப்புறம் இரண்டு கையும் சேர்த்து எட்டு விரல் காட்டினாள். நாற்பத்தெட்டு. நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. அவளும் தலையை ஆட்டினாள், பார்க்கலாம் என்று. போய்விட்டாள்.

"நாளைக்கு வருவா" என்றார் பூட்டுக்காரர்.

பந்தயத்தில் நான் ஜெயித்தேன். அன்று பிற்பகல் அவள் இறந்துபோனாள்.

எப்படி என்று பத்து விதமாகச் சொன்னார்கள். வானொலி கீழே விழுந்தாள் என்றது. அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தவர்கள் தடி என்றார்கள். தலையில் அடி என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. நான் அன்றைக்கு ஒரு குண்டு பாய்ந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். குண்டு என்றால் என் ஹெல்மெட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு பெண்ணுக்குக் குண்டு பாய்ந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டவனும் இந்த உலகத்தில் இருக்கிறான்.

மறுநாள் கடைகள் பாதிக் கதவு. எல்லோரும் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். பெயின்ட் கடைக்காரர்தான் கேட்டார்: "நேத்து காலையில உங்ககிட்டதானே நின்னுக்கிட்டிருந்தா? ஹெல்மெட் வாங்கினாளா?"

"போனவளைக் கூப்பிட்டு ஒண்ணு குடுத்தேன்" என்றேன். "மத்த அஞ்சையும் நாளைக்கு எடுத்துக்கறேன்னா."

யோசித்துச் சொன்னதில்லை. இருபது வருஷமாக 'அடக்க விலைக்கே தர்றேன்' என்று சொல்லிப் பழகிய வாய். அதற்கு ஒரு சிரமமும் இல்லை. பூட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். அடுத்த கடைக்காரன் சொல்வதை ஆட்கள் முன்னால் மறுப்பது எங்கள் தெருவில் இல்லை.

பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். பெயின்ட் கடைக்காரர் அந்தப் பச்சை டப்பாவைச் சும்மாவே கொடுத்ததாகச் சொன்னார். கயிறு விற்றவர் பாதி விலை என்றார். உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு காசு குறைக்க மூக்கால் அழுத தெரு, அவள் போனபின் மொத்தமாகத் தள்ளுபடி போட்டது.

மற்றவர்கள் பொய்யெல்லாம் தெருவோடு நின்றது. என் பொய் மட்டும் கிளம்பிப் போனது. ஒரு மாதத்தில் பல்கலைக்கழகத்துச் சுவரில் அவள் முகத்தை வரைந்திருந்தார்கள், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு. பிறகு மேம்பாலத் தூணில். பிறகு சட்டைகளில். பஸ்ஸில் போனால் நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை. "அந்தப் பொண்ணு ஹெல்மெட் வாங்கின கடை" என்று தேடிக்கொண்டு வந்தார்கள். வியாபாரம் கூடியது. விலையைப் பழையபடி நாற்பத்தைந்துக்கு இறக்கினேன். அதற்கும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்த டீயைப் பற்றி நானும் பூட்டுக்காரரும் பேசவேயில்லை.

அவள் போய் ஒரு வருஷம் முடிய மூன்று வாரம் இருந்தபோது ஒரு முற்பகலில் அந்த அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் துணிப்பை, பஸ் பயணத்தில் கசங்கிய உடுப்பு. கடைக்குள் வந்ததும் ஹெல்மெட் அடுக்கை ஒரு பார்வை பார்த்தார், விலை எழுதிய அட்டையை ஒரு பார்வை.

"கால்விலைன்னு பேர் வச்சீங்களாமே. நான் அவ அம்மா."

நான் எழுந்து நின்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். பூட்டுக்காரர் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து என் கடைக்குள் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் போகச் சொல்லவுமில்லை.

வேறு ஊரில் முட்டை மொத்த வியாபாரம் செய்பவர் என்று சொன்னார். கல்லூரி நூலகத்தில் மகளின் கூட்டாளிகள் ஒரு மேசை கேட்டு வாங்கியிருக்கிறார்களாம், வருஷ நினைவுக்கு அவளுடைய சாமான்களை வைக்க. நோட்டு, கண்ணாடி, சைக்கிள் சாவி எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டது. ஹெல்மெட் மட்டும் வரவில்லை.

"அந்தப் பிள்ளைங்க அவளோட சேந்து போகல. சொன்ன இடத்துக்கு அவங்க வர்றதுக்குள்ள புகையைப் போட்டு எல்லாரையும் கலைச்சுட்டாங்களாம். அதனால யாரும் அவளைப் பாக்கல. நீங்கதான் கடைசியா பேசினவரு. ஹெல்மெட் எங்க போயிருக்கும்னு உங்களுக்காவது தெரியுமான்னு கேக்க வந்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"உங்களுக்கு நன்றியும் சொல்லணும். மொத ரெண்டு மாசம் நான் தூங்கல. வெறுந்தலையோட போனாளே, போட்டுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லாம விட்டேனேன்னு. அப்புறம்தான் நீங்க கூப்பிட்டுக் குடுத்த விஷயம் தெரிஞ்சுது. போட்டிருந்தும் போயிட்டான்னா, எதுவும் அவளைக் காப்பாத்தியிருக்காதுல்ல? அன்னைக்குத்தான் படுத்துத் தூங்கினேன்."

எனக்கு வியாபாரத்தில் இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு தாயின் தூக்கத்தைப் பிடுங்குகிறேன். சொல்லாவிட்டால் அவர் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டே இருப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சரக்கு என் கையில் இருந்தது. மஞ்சள் நிறத்தில், பின்னறையில், நூற்றுக்கு மேல்.

"இங்கதான் இருக்கும்மா" என்றேன். "ரோட்டுல கிடந்துதுன்னு யாரோ கொண்டுவந்து குடுத்தாங்க. உள்ள வச்சிருக்கேன்."

பூட்டுக்காரர் இருமினார்.

பின்னறைக்குப் போய் ஒரு ஹெல்மெட்டை உருவினேன். சிமென்ட் தரையில் நாலைந்து இழுப்பு இழுத்தேன். ஓரத்தைச் சுவரில் தட்டினேன். ஒரு பிடி தூசியைத் தேய்த்துத் துணியால் துடைத்தேன். இரண்டு நிமிஷத்தில் ஒரு வருஷம் பழசாகிவிட்டது. பழைய சரக்கைப் புதுசாக்கத்தான் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கமும் கை சுலபமாகவே போனது.

அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். கீறல்களை விரலால் தடவினார். பிறகு முட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறவர்களின் பழக்கத்தில் அதைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார்.

ஹெல்மெட்டுக்குள் தலையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். பின்பக்கம் பல் பல்லாக வெட்டியிருக்கும். தலைக்கேற்ப இறுக்கவோ தளர்த்தவோ செய்யலாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது முழுக்கத் தளர்ந்த அளவில் வரும். செங்கல் சுமப்பவரின் தலைக்கு அது பொருந்தும்.

"இது ரொம்பப் பெரிசா இருக்கே" என்றார். "அவ தலை சின்னது. இப்படியே போட்டா கண்ணை மறைச்சிருக்குமே."

வெளியே எல்லாம் கீறத் தெரிந்த எனக்கு உள்ளே திருகத் தோன்றவில்லை.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது. "அவசரத்துல இறுக்கக்கூட நேரமில்லாம ஓடியிருப்பா" என்று எனக்காக அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துப் பட்டையை ஒவ்வொரு பல்லாக இறுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பல்லுக்கும் உள்ளே கையை விட்டு, விரல்களை விரித்து அளவு பார்த்தார். அவளுக்குத் தலை சீவிவிட்ட கை. ஆறாவது பல்லில் நிறுத்தினார்.

"இவ்வளவுதான் இருப்பா."

"அம்மா, அதைக் கீழ வைங்க" என்றேன். "அது அவளோடது இல்ல. இப்பதான் தரையில தேச்சு எடுத்துட்டு வந்தேன். அவளுக்கு நான் ஹெல்மெட்டே குடுக்கல. நாலு குறைக்கலன்னு போனா. நான் கூப்பிடல."

பூட்டுக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"கூப்பிடாம இருக்கமாட்டான்னு பந்தயம் கட்டினது நான்மா" என்றார் பூட்டுக்காரர். "ஒரு டீக்கு."

அந்த அம்மா ஹெல்மெட்டைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே இருந்தது.

"நீங்க கூப்பிட்டிருக்கலாம்" என்றார் கடைசியில்.

"கூப்பிட்டிருக்கலாம்மா."

"இனிமே எப்படித் தூங்கறதுன்னு தெரியல."

ஹெல்மெட்டோடு எழுந்து வாசலுக்குப் போனார். "எந்தப் பக்கம் போனா?" என்று கேட்டார். நான் காட்டினேன். பூட்டுக்கடை, பெயின்ட் கடை, குழாய், மூலை.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார் அந்தப் பக்கம் பார்த்தபடியே. "விலை படியலன்னா எழுந்திரிச்சு நட, திரும்பிப் பாக்காதே, பாத்தா விலை போச்சுன்னு. அவ திரும்பியிருக்க மாட்டா. நான் சொன்னா கேப்பா, வியாபாரத்துல மட்டும்."

"திரும்பினாம்மா."

அவர் என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை ஏமாற்றுகிறேனா என்று பார்த்த பார்வை. நான் சம்பாதித்துக்கொண்டதுதான்.

"மூலையில நின்னு திரும்பினா. சிரிச்சா. கையைத் தூக்கி நாப்பத்தெட்டுன்னு விரல்ல காட்டினா. நான் மாட்டேன்னு தலையாட்டினேன். பாக்கலாம்னு அவளும் ஆட்டினா. அண்ணனும் பாத்தாரு."

"ஆமாம்மா" என்றார் பூட்டுக்காரர். "வாய் நெறைய சிரிச்சா."

"பயந்த மாதிரி இல்லையே?"

"விலையில ஜெயிக்கப்போற மாதிரி இருந்தா" என்றேன்.

அவர் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார், வேறொன்றுமில்லை. ஆனாலும் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பூட்டுக்காரர் மூன்று டீ சொன்னார். டீ வந்தது.

"மேசையில ஹெல்மெட் வைக்க வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

"சுவத்துல வரைஞ்சிருக்கறதெல்லாம்..."

"அது இருக்கட்டும். நீங்களும் போடல, நானும் போடல. அவங்களாவது போட்டாங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். குரல் மாறியது. முட்டைச் சந்தையில் அவர் குரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

"அவ கேட்டது எத்தனை?"

"ஆறு."

"அந்த அஞ்சு பேரும் இன்னும் போறாங்க. தேர்தலை நாலாவது தடவையா தள்ளிவச்சுட்டாங்களே. ஆறு குடுங்க. நாப்பத்தெட்டு."

"அம்மா, காசு வேண்டாம். எடுத்துக்கோங்க."

"சும்மா குடுத்தா அவ கேட்டது ஆகாது. அவகிட்ட எப்படிப் பேசினீங்களோ அப்படிப் பேசுங்க."

அட்டையில் நாற்பத்தைந்து என்று எழுதியிருப்பது அவர் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவுடனே அவர் அதைப் படித்தது எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன்.

"ஐம்பத்திரண்டு."

பூட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா எழுந்தார். ஹெல்மெட்டை மெல்ல அடுக்கின் மேல் வைத்தார், துணிப்பையை எடுத்துக்கொண்டார், படியிறங்கி இடது பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசலுக்கு ஓடினேன். அவர் இன்னும் பூட்டுக்கடையையே தாண்டவில்லை.

"அம்மா! வாங்க! நாப்பத்தெட்டு!"

தெரு முழுக்கக் கேட்டது. பெயின்ட் கடைக்காரர் வெளியே வந்து, இவனுக்கு என்ன கேடு, இத்தனை சீக்கிரம் கூப்பிடுகிறானே என்று பார்த்தார். அந்த அம்மா நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார். பெயின்ட் கடை. நான் மறுபடி கூப்பிட்டேன். குழாய்க்கு இரண்டடி முன்னால் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. ஒருவர் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குடம் நிறைந்து, அவர் அதைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அந்த அம்மா அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

ஐந்து ஹெல்மெட்டைக் கயிறு போட்டுக் கட்டினேன். ஆறாவதாகப் புதிது ஒன்றை எடுக்கக் கை நீட்டியபோது தடுத்துவிட்டு, அடுக்கின் மேல் வைத்திருந்த கீறல் விழுந்ததை எடுத்துக்கொண்டார்.

"இது யாருக்கும்மா?"

"எனக்கு. நானும் போறேன்." தலையில் வைத்துப் பார்த்தார். உச்சியில் நின்றது, இறங்கவில்லை. பட்டையில் ஒரு பல்லைத் தளர்த்தினார், யோசித்தார், இன்னொன்றைத் தளர்த்தினார். பிறகு கீறலை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

"இதுக்கும் முழு விலையா? அடிபட்ட சாமான்."

"யார் அடிச்சதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றேன். "நீங்களே ஒரு விலை சொல்லுங்க."

"பன்னெண்டு" என்றார்.

நாற்பத்தெட்டில் சரியாகக் கால் பங்கு. நான் இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை.